முந்திரிக்கொட்டை தேடிய பெயர்

அம்மா போனை முதலில் வைத்ததே இல்லை. பேச வேண்டியதெல்லாம் பேசி, "சரி, வச்சிடறேன்" என்று சொன்ன பிறகும் ரிசீவர் காதோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். எதிர்முனையில் டொக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். சுருள் கம்பி போன் காலத்திலிருந்து கைபேசிக் காலம் வரை மகள் இதைப் பார்த்தே வளர்ந்தாள். கல்லூரி விடுதியில் இருந்தபோது இது ஒரு பெரிய ரோதனையாகவே ஆகிவிட்டது.

"வையும்மா."

"நீ வை."

"நீதானே அடுப்புல ஏதோ இருக்குன்னு சொன்ன? வை."

"இருக்கட்டும். நீ வச்சதும் போறேன்."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "யாருடி அது, இந்தக் கொஞ்சு கொஞ்சுது?" என்பாள். எங்கம்மாடி என்று சொன்னால் விடுதியில் ஒருத்தியும் நம்ப மாட்டாள்.

அம்மா வேலை பார்த்தது ஒரு நாளிதழில். பெரிய மனிதர் ஒருவர் சாயங்காலம் கண்ணை மூடினால் மறுநாள் காலையில் அவருடைய மொத்த வாழ்க்கையும் அரைப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது அல்லவா? பிறந்த ஊர், படித்த பள்ளி, முதல் வெற்றி, வாங்கிய விருது, விட்டுப்போன பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும். ஒரே ராத்திரியில் யாராலும் அப்படி எழுத முடியாது. அது முன்பே எழுதித் தயாராக வைக்கப்பட்டிருப்பது. மனிதர் உலாவிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முடிவுரை ஒரு அலமாரியில், பிற்பாடு ஒரு கணினியில், காத்துக்கொண்டிருக்கும். கடைசித் தேதி மட்டும்தான் பாக்கி.

எழுதியது வேறு யாராரோ. அம்மா பள்ளி இறுதி முடித்துத் தட்டச்சு செய்யத்தான் அங்கே போனாள். யாரும் கையில் எடுக்க விரும்பாத அந்த அலமாரி மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்துவந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவாள். "ஆண்டு மலருக்காகத் தகவல் சரிபார்க்கிறோம், சார்" என்பாள். புது விருது, விற்ற வீடு, பிறந்த பேரன், பிரிந்த மனைவி, எல்லாவற்றையும் கேட்டுக் கட்டுரையில் சேர்ப்பாள். ஆண்டு மலர் என்று ஒன்று அந்த நாளிதழில் வந்ததே கிடையாது.

அலுவலகத்தில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தது துணை ஆசிரியர். பழத்துக்கு முன்னால் கொட்டை வந்து நிற்பது மாதிரி, எமனுக்கு முன்னால் போய் நிற்கிறாளாம். முதலில் சிரித்தவள் அம்மாதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். யாராவது, "வீட்ல ரெண்டு பேரும் என்ன வேலை?" என்று கேட்டால் போதும்.

"நான் ஆளுங்கள மேல ஏத்தறேன். அவ மேல அனுப்பறா."

"நீங்க ஏத்தறவங்க திரும்பி எறங்கிடறாங்க," என்பாள் அம்மா. "நம்ம கிராக்கி அப்படியில்ல."

இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்ததில், உயிரோடிருப்பவர்களைப் பார்க்கும் கண்ணே அவளுக்கு வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒருமுறை மின்சாதனக் கடையில் ஆற்றுப் பாலம் கட்டிய பொறியாளர் பல்பு வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பல்பை எரியவைத்துக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் பொறியாளரின் முகம் ஒரு கணம் மஞ்சளாகி அணைந்தது. வாங்க வந்ததை மறந்து அம்மா நின்றுவிட்டாள். தூரதேசம் போனவர் ஒருவர், யாருக்கும் சொல்லாமல் கொஞ்ச நேரத்துக்கு ஊர் திரும்பியிருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது போல இருந்தது அவள் பார்வை.

"தெரிஞ்சவராம்மா?"

"கடைசிப் பத்தி வரைக்கும் தெரியும்," என்றாள் அம்மா.

மகள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அங்கி போட்ட படம் டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தது. படித்தது வரலாறு. படித்து முடித்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவளுக்குக் கடிதம் போட்டு வரச்சொன்ன அலுவலகங்களுக்கும் தெரியவில்லை. அவள் வீட்டில் இருந்த அந்த வருஷம்தான் அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். படி ஏறக் கூடாது, பஸ்ஸில் நிற்கக் கூடாது. நாளிதழ்க்காரர்கள் பெரிய மனது பண்ணி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். முன்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு போன் என்று அலுவலகம் வீட்டுக்கு வந்தது.

அந்த மதியங்கள் பின்னாளில் மகளுக்கு ஒரே நீண்ட மதியமாகத்தான் நினைவில் தங்கின. ஜன்னல் திரை மூச்சு விடுவது போல உப்பித் தணியும். தரையில் படுத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் அவள் அம்மாவின் குரலைக் கேட்பாள். அறுவை மருத்துவரின் நாய் செத்துப்போயிற்று. கால்பந்து வீரருக்கு இப்போது முழங்கால் மாற்றியாயிற்று. பாடகி தோட்டம் போட்டிருக்கிறார். தூக்கத்துக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பாலத்தின் மேல் நாய் ஓடும், பாடகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு செடி நடுவார். விழித்தால் அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"யாரு பெரிய மனுஷங்கன்னு யாரும்மா முடிவு பண்றது?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். படித்த மூன்று வருஷமும் அவளைக் குடைந்த கேள்வி அது.

"ஆசிரியர்தான்."

"எதை வச்சு?"

"பக்கத்துல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்து."

"விளையாடாதம்மா."

"நான் எங்கடி விளையாடறேன்? விளம்பரம் நிறைய வந்த அன்னிக்குப் போனவங்க எல்லாம் கொஞ்சம் சின்ன மனுஷங்கதான்."

அப்படியொரு மதியத்தில்தான் அம்மா அந்த மேடை நடிகைக்குப் போன் போட்டாள். நாடகங்களில் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் நடித்துப் புகழ்பெற்றவர். நடிப்பை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. நுரையீரலில் கோளாறு. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்ததால் அம்மா போனின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள்.

"ஆண்டு மலரா?" என்றார் நடிகை. "போன வருஷமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின வருஷமும். ஒரு மலரும் பூக்கலையே, பொண்ணே?"

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அது வந்து, மேடம்..."

"நான் போனா போடறதுக்குத்தானே?"

திரை உப்பியது, தணிந்தது. இல்லை என்று சொல்வதற்கு அம்மாவிடம் நாலைந்து வழி இருந்தது. மகளுக்கே அவையெல்லாம் மனப்பாடம்.

"ஆமா, மேடம்," என்றாள் அம்மா.

எதிர்முனையில் சிரிப்பு, பிறகு இருமல், பிறகு இரண்டும் சேர்ந்து. "அப்பாடா! எழுதியே வச்சிருக்கீங்க. எங்க, படி கேப்போம். விமர்சனத்த நான் இருக்கும்போதே கேட்டுடறேன்."

அந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். கட்டுரைக்கு உரியவருக்கு அதைப் படித்துக் காட்டக் கூடாது. அம்மா கணினியைத் திறந்தாள். தொண்டையைச் செருமினாள். படித்தாள்.

நடிகை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறந்த வருஷம் வந்தபோது மட்டும், "ரெண்டு குறைச்சுப் போடக் கூடாதா?" என்றார். அப்புறம் அந்த வரி வந்தது. அசாத்தியமான நினைவாற்றல் கொண்டவர், மேடையில் ஒரு வசனத்தைக்கூட மறந்ததில்லை என்று யாரோ என்றோ எழுதிய வரி.

"நிறுத்து," என்றார் நடிகை. "அது பச்சைப் பொய்."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, மேடம்?"

"எனக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்புல நிக்காது. நேத்துச் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. ஓரத்திரைக்குப் பின்னால ஒருத்தர் நிப்பாரு. நான் மூச்சு இழுக்கற நேரத்துல அடுத்த வரியச் சொல்லிடுவாரு. முன்வரிசைக்குக் கேக்காது, கூட நடிக்கறவனுக்குக் கேக்காது. எனக்கு மட்டும் கேக்கும். அதனால அவருக்குக் காத்துன்னு பேரு. நான் நடிச்ச அத்தனை நாடகமும் அந்த மனுஷன் வாயிலேர்ந்து என் காதுக்கு வந்ததுதான். அவர் போனப்ப எந்தப் பேப்பர்லயும் ஒரு எழுத்து வரல. என் கதையில அவர் பேரப் போடு. அப்பத்தான் நான் நிம்மதியாப் போவேன்."

"போட்டுடறேன், மேடம். அவர் நிஜப் பேரு என்ன?"

மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது.

"சொன்னேனே," என்றார் கடைசியில். "எனக்குத்தான் எதுவும் நிக்காதே."

"நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்," என்றாள் அம்மா. "இது என் பாக்கி."

துணை ஆசிரியரிடம் கேட்டபோது அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விசாரித்து உறுதி செய்த பெயர் இல்லாமல் ஒரு ஆளைக் கட்டுரையில் ஏற்ற முடியாது. "காத்துன்னு ஒருத்தர் இருந்தாருன்னு போட்டா, படிக்கிறவன் நாம ஏதோ கதை விடறோம்னு நினைப்பான்." அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் நடிகை போவதற்குள் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவருடைய மூச்சோ வாரத்துக்கு வாரம் குட்டையாகிக்கொண்டு வந்தது.

அம்மா தேட ஆரம்பித்தாள். மேடைக்கு விளக்குப் போட்டவர் கிடைத்தார். "காத்தா? தங்கமான மனுஷன். பேரா? காத்துதாம்மா." உடை தைத்த பெண்மணி அவருடைய இடுப்பளவு வரைக்கும் சொன்னார், பெயர் சொல்லத் தெரியவில்லை. அரங்கத்து முதலாளியின் மகன், "சம்பளம் வாங்கறப்பக்கூட, 'காத்து வந்திருக்கேன்'னுதான் சொல்வாருன்னு அப்பா சொல்லுவாரு," என்றார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் எப்படி நடப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பார், மழைநாளில் எப்படித் தும்மலை அடக்குவார் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். பெயர் என்று வரும்போது மட்டும், படியே இல்லாத இடத்தில் கால் வைத்தவர்கள் மாதிரி தடுமாறினார்கள்.

"இவ்ளோ பேருக்குத் தெரிஞ்ச ஆளுக்குப் பேரு இல்லையா?" என்றாள் மகள்.

"கூப்பிடறதுக்கு ஒண்ணு இருந்துது. அதோட விட்டுட்டாங்க," என்றாள் அம்மா.

அவர் ஒரு சைக்கிள் கடை மாடியில் குடியிருந்தார் என்று உடை தைத்தவர்தான் சொன்னார். அம்மா செருப்பைத் தேடினாள்.

"அங்க லிஃப்ட் இருக்கா?" என்றார் அப்பா.

"சைக்கிள் கடை மாடிக்கு எந்தப் புண்ணியவான் லிஃப்ட் வைப்பான்?"

"அப்ப இவள அனுப்பு. காலேஜ் படிச்சிருக்கால்ல."

"இவளுக்குக் கேக்கத் தெரியும். பேசாம இருக்கத் தெரியாது," என்றாள் அம்மா. மகளுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்து, அம்மா சொன்னதையே நிரூபித்துவிடுவோம் என்று மூடிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஆட்டோவில் போனார்கள். கடைக்காரர் கை நிறைய மசகோடு வந்தார். "எங்கப்பா காலத்துல இருந்தவருங்க. நாங்க மேல்ரூம்னு சொல்லுவோம். 'மேல்ரூமுக்கு சாவி குடு'ன்னா அவருக்குக் குடுன்னு அர்த்தம்." இங்கேயும் ஒரு பட்டப்பெயர்தான் கிடைத்தது. ஆனால் அவருக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் மதியத்தில் கடையில் உட்கார்ந்திருந்தால் மேலே நிறையப் பேர் இருப்பது மாதிரி கேட்குமாம். ராஜா கோபப்படுவார், ராணி அழுவாள், காவல்காரன் கதவைத் திறப்பான். எல்லாமே ரகசியக் குரலில். ஒருநாள் பயந்துகொண்டே ஏறிப் பார்த்தால், ஒற்றை மனிதர் பனியனோடு பாயில் உட்கார்ந்திருந்தாராம்.

அம்மா படிக்குப் படி நின்று ஏறினாள். அறையில் இப்போது பழைய டயர்கள். சுவரில் ஆணிகளில் சக்கர வளையங்கள் தொங்கின. ஜன்னல் வழியாக வந்த வெயில் வளையங்களுக்குள் புகுந்து தரையெல்லாம் வட்ட வட்டமாக நிழல் போட்டிருந்தது. காற்று வந்தால் வட்டங்கள் மெல்ல நீந்தின. அம்மா ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். அந்த நிழல் வட்டங்கள் அவள் புடவையின் மேல் ஏறி இறங்கின. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவளைப் போல இருந்தாள்.

"நீ கீழ போ," என்றாள். "நான் இங்க மெதுவாப் பேசறேன். கேக்குதான்னு பாரு."

மகள் இறங்கிப்போய்க் கடைக்குள் நின்றாள். கடைக்காரர்கூடக் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மேலே யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. மழை வருமுன் தூரத்து மரங்களில் கேட்கும் ஓசை போல அது ஆரம்பித்தது, நீண்டது, நின்றது.

"என்னம்மா சொன்ன?" என்று கேட்டாள், மேலே போய்.

"உன் பேரத்தான். திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்." அம்மா வெட்கப்பட்டவள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மத்தது எதுவும் வாயில வரல."

இறங்கும்போது அம்மா மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் போயிருக்கலாமோ என்ற கேள்வி அந்தப் படிகளில்தான் மகளுக்குள் வந்து உட்கார்ந்தது. டாக்டர், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு சொன்னார். டாக்டர் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்தக் கேள்வி எழுந்து போய்விடவில்லை.

அம்மா போனது ஒரு மதியத்தில், ஜன்னலோர நாற்காலியில். தூங்குகிறாள் என்று நினைத்து மகள் திரையை இழுத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

சாயங்காலம் துணை ஆசிரியர் போன் செய்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். அம்மாவைப் பற்றி ஒரு சின்னக் கட்டச் செய்தி போடலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறாராம்.

"எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தாங்கம்மா?"

மகளுக்குத் தெரியவில்லை.

"படிச்ச பள்ளிக்கூடம்?"

அதுவும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கேட்டுச் சொல்றேன், அங்கிள்."

"நாளைக்குக் காலையில வரணுமேம்மா."

ஊரில் இருக்கும் எல்லாருக்கும் முடிவுரையை முன்கூட்டித் தயாராக வைத்தவளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி தயாராக இல்லை. மூன்று வருஷம் வரலாறு படித்த மகள் தன் அம்மாவைப் பற்றி இரண்டு கேள்விக்கு விழித்துக்கொண்டு நின்றாள். கட்டம் வந்தது. நாளிதழின் நீண்டகால ஊழியர் என்று போட்டிருந்தார்கள். தப்பு ஒன்றுமில்லை.

சில நாள் கழித்து அம்மாவின் கைபேசி அடித்தது. மகள் எடுத்தாள்.

"என்ன பொண்ணே, ஆளையே காணோம்? பேரு கெடச்சுதா?"

மகள் விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"என்னை அனுப்பி வைக்க வேண்டியவ," என்றார் நடிகை. "அவ எனக்கு முன்னாடி போயிட்டாளா?" கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, கனவில் வரும் குரல் போல மெதுவாகப் பேசினார். "தெனம் கனவுல வர்றாரு. ஓரத்திரைக்குப் பின்னால நிக்கறாரு. உங்க பேர் என்னன்னு நான் கேக்கறேன். அவரு அடுத்த வசனத்தச் சொல்றாரு. நானும் அதையே வாங்கிச் சொல்லிட்டு மேடைக்குப் போயிடறேன். எழுந்திரிச்சப்புறம்தான், பேரக் கேக்காம வந்துட்டோமேன்னு தோணுது."

மகள் துணை ஆசிரியரைக் கூப்பிட்டு அந்தக் கட்டுரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் திறந்து பார்த்துச் சொன்னார். நினைவாற்றல் வரியை அம்மா எடுத்துவிட்டாளாம். பதிலாக எதுவும் சேர்க்கவில்லை.

"அங்க ஒரு வரி குறையுதும்மா. பரவாயில்ல, படத்தக் கொஞ்சம் பெருசு பண்ணிக்குவோம்."

"பேரு கெடச்சா சேர்ப்பீங்களா, அங்கிள்?"

"உறுதியான பேரா இருந்தா சேர்க்காம என்ன? உங்கம்மா கேட்டது."

மகள் இப்போது ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். மதிய இடைவேளையில் போன் போடுகிறாள். நாடகத்துக்குத் திரை இழுத்தவர் வெளியூரில் மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து பேசினாள். அவருக்குக் காது கேட்காது. மருமகள் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள்: "மாமா! காத்து! அவரு பேரு என்னன்னு கேக்கறாங்க!" கிழவர் சந்தோஷமாகச் சிரித்தது இங்கே கேட்டது. "காத்தா? இருக்காரா? நான் கேட்டேன்னு சொல்லு!" என்றார்.

நடிகையிடம் அதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சாகிவிட்டது.

"அப்ப இந்த வாரமும் இல்ல."

"இல்ல, மேடம். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. கேக்கறேன்."

"நீ எதுக்குடி கெடந்து அல்லாடற? சொன்னது உங்கம்மா."

"அவங்க பாக்கிதானே, மேடம்."

"சரி. நானும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார் நடிகை. "சீக்கிரம் கேளு."

அந்த இரண்டு பேரையும் கேட்டாயிற்று. அவர்களுக்கும் காத்தை நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மா தருவதாகச் சொன்ன பெயர் இன்னும் கிடைக்கவில்லை.